அமெரிக்க ஓட்டத்துக்குச் சேரும் ட்ரக் சாரதிகளுக்கு: போதைப்பொருள், மதுப் பரிசோதனை நடைமுறை

பெரிய ட்ரக் ஓட்டுவதற்கான ஏ.இஸட் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த மறு வாரமே மிச்சிகனுக்கோ ஒஹாயோவுக்கோ சுமை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடலாம் என்று நம்பியிருந்தவர்களில் நானும் ஒருவன். மதுவைத் தொடாதவன், கஞ்சா வாசனை வந்தாலே யன்னலைப் பூட்டுகிறவன் என்பதால், வேலைக்கு முந்திய போதைப்பொருள் பரிசோதனையை வெறும் சம்பிரதாயமாகத்தான் எண்ணினேன். கடைசியில் பதினொரு நாட்கள் சம்பளமின்றி வீட்டில் இருக்க நேர்ந்தது. பல் வைத்தியர் எழுதிக் கொடுத்த வலிக் குளிசையும், நான் எடுக்காமல் விட்ட மூன்று தொலைபேசி அழைப்புகளுமே அதற்குக் காரணம். போதைப்பொருள் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பரிசோதனையில் இடறுவது பெரும்பாலும் நடைமுறையில்தான். ஒன்ராறியோவில் இருந்துகொண்டு எல்லை தாண்டி ஓட்டப் போகிறவர்கள் என்னைப் போல் அலையாதிருக்க, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகக் கீழே தருகிறேன்.

1. விதி உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

கனடாவுக்குள் மட்டும் ஓடும் ட்ரக் சாரதிகளை இத்தகைய பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. ஆனால் 26,001 இறாத்தல், அதாவது 11,794 கிலோ, அல்லது அதற்கு மேற்பட்ட மொத்த எடைத் தரம் கொண்ட வாகனத்தை அமெரிக்க மண்ணில் ஓட்டுகிறவர் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளுக்குள் வந்துவிடுகிறார். அவர் கனேடியரா, நிறுவனம் கனேடிய நிறுவனமா என்பது அங்கே கணக்கில் இல்லை. அந்த விதிகளில் சாரதி அடிக்கடி கேள்விப்படப்போகும் எண்கள் இரண்டு: மாதிரியை எப்படி எடுப்பது, எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் பகுதி 40, ட்ரக் சாரதிகளை யார், எப்போது சோதிக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி 382.

வேலைக்கு முந்திய போதைப்பொருள் பரிசோதனையின் முடிவு நெகட்டிவ் என்று நிறுவனத்தின் கைக்கு வரும்வரை உங்களை அமெரிக்க ஓட்டத்துக்கு அனுப்ப முடியாது. “முதலில் ஒரு சுமையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாருங்கள், முடிவு பிறகு வரட்டும்” என்று எவராவது சொன்னால், அந்த நிறுவனத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

2. கிளியரிங்ஹவுஸ் பதிவை முதலில் முடியுங்கள்

2020 ஜனவரி 6 முதல், வணிக வாகனச் சாரதிகளின் போதைப்பொருள், மது மீறல்கள் கிளியரிங்ஹவுஸ் என்னும் ஒரே மின்பதிவேட்டில் சேர்கின்றன. உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அதில் உங்கள் பெயரை முழுமையாகத் தேடிப் பார்த்தாக வேண்டும். அந்தத் தேடலுக்கு நீங்கள் உங்கள் சொந்தக் கணக்குக்குள் நுழைந்து சம்மதம் அளிக்க வேண்டும். காகிதத்தில் போட்ட கையொப்பம் இதற்குச் செல்லாது. நேர்முகத் தேர்வு முடிந்து வேலை உறுதியான பிறகு, கணக்கு இல்லாத காரணத்தால் நாட்களை இழந்த பலரை எனக்குத் தெரியும்.

பதிவுக்கு மின்னஞ்சல் முகவரி, கைத்தொலைபேசி, அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றும் வேண்டும். முதலில் அமெரிக்க அரசின் பொதுவான நுழைவுக் கணக்கைத் திறந்து, அதன் வழியாகக் கிளியரிங்ஹவுஸுக்குள் சென்று, அனுமதிப்பத்திரம் வழங்கிய நாடு கனடா, மாகாணம் ஒன்ராறியோ என்று தெரிவுசெய்ய வேண்டும். பெயரும் பிறந்த திகதியும் இலக்கமும் அனுமதிப்பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். தகப்பன் பெயரை முதற்பெயராகவும் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும் மாற்றிப் பதிந்துவிட்டு நிறுவனத்தின் தேடலில் சிக்குவது நம்மவர்களுக்கு மிக எளிதில் நேரும் பிழை.

சாரதிக்கான பதிவு முற்றிலும் இலவசம். நிறுவனம் செய்யும் ஒவ்வொரு தேடலுக்கும் 1.25 அமெரிக்க டொலர் கட்டணம், அதையும் நிறுவனமே செலுத்தும். பதிந்து தருவதாகச் சொல்லி என்னிடம் 60 டொலர் வாங்கிய ஒருவர் உண்டு. அவர் செய்த வேலையை நானே இருபது நிமிடத்தில் செய்திருப்பேன் என்பது பின்னர்தான் தெரிந்தது. அதைவிட மோசம், அவர் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தபடியால் சம்மதக் கோரிக்கை அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

3. பரிசோதனைக்கு முந்திய வாரம் வாய்க்குள் போவதைக் கவனியுங்கள்

சிறுநீரில் தேடப்படுவன ஐந்து வகைகள்: கஞ்சா; கொக்கெயின்; மெத்தம்பெட்டமினும் எம்.டி.எம்.ஏ.யும் அடங்கிய அம்பெட்டமின் வகை; ஹெரோயின், மோர்பின், கொடீன், ஒக்ஸிகொடோன் முதலியவை அடங்கிய, ஒப்பியொயிட் என்னும் அபினி சார்ந்த வகை; பி.சி.பி. இவற்றில் நம்மவர்கள் அறியாமல் அகப்படுவது கஞ்சாவிலும் ஒப்பியொயிட்டிலும்தான்.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வாடிக்கையாகப் பாவிப்பவரின் சிறுநீரில் அது வாரக்கணக்கில் தங்கும், ஆகவே “விடுமுறையில், வீட்டில், சட்டப்படி” என்ற விளக்கம் எதுவும் எடுபடாது. மூட்டுவலிக்கென்று பூசும், குடிக்கும் சி.பி.டி. என்னும் கஞ்சாச் செடி எண்ணெயையும் ஒதுக்குங்கள். அதன் போத்தலில் எழுதியிருப்பதைவிட அதிகமான போதைக்கூறு உள்ளே இருக்கக்கூடும், சி.பி.டி. எடுத்ததால் வந்தது என்ற விளக்கத்தை, ஆய்வுகூட முடிவைச் சரிபார்க்கும் வைத்தியரான மருத்துவ மீளாய்வாளர் ஏற்கவும் மாட்டார். ஊரிலிருந்து யாராவது கொண்டுவரும் மதன மோதகம் போன்ற உருண்டைகளில் கஞ்சா சேர்வதுண்டு. மருந்து என்று சொல்லித் தந்தாலும் வாங்கி வாயில் போடாதீர்கள்.

கசகசாவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சர்பத்திலும் பலூடாவிலும் ஊறிக் கிடக்கும் கறுப்பு விதையைத்தான் நாங்கள் கசகசா என்கிறோம், அது துளசி இனத்து விதை, அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. குருமாவில் அரைத்துச் சேர்க்கும் வெள்ளைக் கசகசாவும், பேகல் ரொட்டியின் மேல் தூவும் நீலக் கறுப்பு விதையும் அபினிச் செடியின் விதைகள், அவற்றில் மோர்பின் சிறிதளவு ஒட்டியிருக்கும். உணவினால் வரும் சிக்கலைக் குறைக்கத்தான் மோர்பினுக்கும் கொடீனுக்கும் எல்லை அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 2,000 நனோகிராம் என்று உயர்த்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அளவு 15,000ஐத் தொட்டுவிட்டால் உணவு என்ற விளக்கம் ஏற்கப்படாது. ஒரு வாரம் குருமா இல்லாமல் இருந்துவிடலாம் என்பது என் கட்சி.

கொடீன்தான் என்னை மாட்டியது. ஒன்ராறியோவில் குறைந்த அளவு கொடீன் சேர்ந்த வலிக் குளிசைகளை மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம் என்பதால், அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோகிறது. எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய பின் பல் வைத்தியர் அதைவிடக் கூடிய அளவில் எழுதிக் கொடுத்திருந்தார், பரிசோதனைக்கு முதல்நாள் இரவும் ஒன்று விழுங்கினேன். மருத்துவர் சீட்டும் மருந்தக இரசீதும் இருந்தபடியால் தப்பினேன். மனைவியின் பெயரில் எழுதிய குளிசையையோ நண்பர் கொடுத்த இருமல் பாணியையோ எடுத்திருந்தால் தப்பியிருக்க மாட்டேன். இயலுமானால் பரிசோதனைத் திகதியைத் தள்ளிக் கேளுங்கள், வேலைக்கு முந்திய பரிசோதனையில் அதற்கு இடமுண்டு.

மதுவைப் பொறுத்தவரை, வேலைக்கு முந்திய கட்டத்தில் அநேகமாகச் சோதிக்க மாட்டார்கள், ஆனால் சேர்ந்த பின் எந்நாளும் சோதிக்கலாம். ஓட்டத்துக்கு முந்திய 4 மணித்தியாலத்தில் மது கூடாது. மூச்சில் 0.04 அல்லது அதற்கு மேல் வந்தால் அது மீறல். 0.02 முதல் 0.039 வரை வந்தால் குறைந்தது 24 மணித்தியாலம் வாகனத்தில் ஏற முடியாது. விதியில் மது என்பதற்குள் மதுசாரம் கலந்த மருந்தும் அடங்கும், ஆகவே ஆயுர்வேத அரிஷ்டங்களும் கணக்கில் வரும். ஒன்ராறியோவிலோ ஏ.இஸட் வாகனத்தின் சாரதி ஆசனத்தில் இருப்பவருக்கு 2018 ஜூலை முதல் பூச்சியமே எல்லை.

4. கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

அரசு வழங்கிய, படம் உள்ள அடையாள ஆவணம் இல்லாமல் மாதிரி எடுக்க மாட்டார்கள். அனுமதிப்பத்திரமும் கடவுச்சீட்டும் இரண்டும் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படம் செல்லாது. நிறுவனம் அனுப்பிய பரிசோதனைக் கட்டளையை அச்சிட்டுக் கொண்டு போங்கள், அதில் அது கூட்டாட்சிப் போக்குவரத்துப் பரிசோதனை என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். சாதாரண வேலைத்தலப் பரிசோதனைக்குரிய படிவத்தில் மாதிரியை எடுத்துவிட்டால் அமெரிக்க ஓட்டத்துக்கு அது உதவாது, திரும்பவும் போக வேண்டும்.

நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் மருந்தகத்தின் தொலைபேசி இலக்கத்தையும் சட்டைப் பையில் வைத்திருங்கள். ஆனால் அதை அங்கே எவரிடமும் காட்டத் தேவையில்லை.

5. மாதிரி கொடுக்கும் இடத்தில்

வேலை முடிந்து வரும் சாரதிகளும் கட்டுமானத் தொழிலாளர்களும் நிறைந்திருந்த ஒரு சிறிய அறையில் நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு என்னை அழைத்தார்கள். மேலங்கியைக் கழற்றச் சொன்னார்கள், காற்சட்டைப் பைகளை வெளியே புரட்டிக் காட்டச் சொன்னார்கள், அவர்கள் முன்னிலையில் கைகழுவச் சொன்னார்கள். மலசலகூடத்துத் தண்ணீர் நீலமாக இருந்தது, குழாயும் அடைக்கப்பட்டிருந்தது. இவையெல்லாம் கலப்படத்தைத் தடுக்கும் வழமையான ஏற்பாடுகள், உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்று எண்ணிப் பதற்றப்பட வேண்டாம்.

குறைந்தது 45 மில்லிலீற்றர் வேண்டும். நான்கு நிமிடத்துக்குள் அதன் வெப்பநிலையைப் பார்ப்பார்கள், அது 32 பாகைக்கும் 38 பாகைக்கும் இடையில் இல்லாவிட்டால் அடுத்த மாதிரியை ஒருவர் நேரில் நின்று பார்க்கவே கொடுக்க வேண்டிவரும். மாதிரியை இரண்டு போத்தல்களில், 30 மில்லிலீற்றரும் 15 மில்லிலீற்றருமாகப் பிரித்து ஊற்றி, உங்கள் கண்முன் முத்திரை ஒட்டுவார்கள். முத்திரை ஒட்டி, நீங்கள் அதில் முதலெழுத்துகளை இடும்வரை போத்தல்களிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

பயத்தினாலோ கூச்சத்தினாலோ வராவிட்டால், 3 மணித்தியாலம் வரை காத்திருக்கலாம், அதற்குள் 40 அவுன்ஸ் வரை, ஏறத்தாழ 1.2 லீற்றர், சிறிது சிறிதாகக் குடிக்கத் தருவார்கள். “பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுக்க வேண்டும்” என்று சொல்லி இடையில் எழுந்து போனால் அது பரிசோதனையை மறுத்ததாகப் பதிவாகும். மறுப்புக்கும் பொசிட்டிவுக்கும் தண்டனை ஒன்றே. நேரம் போதாது என்று தோன்றினால், வேலைக்கு முந்திய பரிசோதனையில் மட்டும், கையில் கோப்பையை வாங்குவதற்கு முன்னர் சொல்லிவிட்டுப் போகலாம், அது மறுப்பாகாது. அதற்காக வீட்டிலிருந்து புறப்படும்போதே லீற்றர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகவும் வேண்டாம். மாதிரி நீர்த்துவிட்டால் நிறுவனம் உங்களை மறுபடி அனுப்பலாம்.

படிவத்தில் இரண்டு இடங்களைப் பொறுமையாகப் பாருங்கள். ஒன்று, உங்கள் அனுமதிப்பத்திர இலக்கமும் ஒன்ராறியோ என்ற மாகாணப் பெயரும் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றது, பகலிலும் மாலையிலும் உங்களைப் பிடிக்கக்கூடிய தொலைபேசி இலக்கம். மருந்துப் பட்டியலை உங்களுக்குத் தரும் ஐந்தாம் பிரதியின் பின்பக்கத்தில் மட்டும், உங்கள் ஞாபகத்துக்காக எழுதிக்கொள்ளலாம், வேறு பிரதி எதிலும் எழுதாதீர்கள். பரிசோதனைக்குச் சம்மதித்து, எவரும் பொறுப்பல்ல என்று எழுதித் தரச் சொல்லும் தனிப் பத்திரம் எதிலும் கையொப்பம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

6. தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஆய்வுகூடத்தில் ஏதாவது தென்பட்டால் முடிவு நேரே நிறுவனத்துக்குப் போவதில்லை. மருத்துவ மீளாய்வு அலுவலர் என்னும் வைத்தியரிடம் போகும், அவர் உங்களை அழைத்துப் பேசிய பிறகே முடிவை உறுதிசெய்வார். எனக்கு வியாழக்கிழமை ஒரே நாளில் மூன்று முறை, கட்டணமற்ற இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. குழாய் சுத்தம் செய்கிறவர்களும் கடனட்டைக்காரர்களும் தரும் தொல்லை என்று நினைத்து மூன்றையும் வெட்டினேன். வெள்ளி காலை நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுப் பெண்மணி அழைத்து, “அண்ணா, உங்களை ஒரு டொக்டர் தேடுகிறார், இந்த இலக்கத்துக்கு உடனே எடுங்கோ” என்று மட்டும் சொன்னார். எதற்கென்று அவருக்கும் தெரியாது, தெரிந்திருக்கவும் கூடாது.

நிறுவனம் இப்படிச் சொன்ன நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் நீங்கள் பேசாவிட்டால், உங்கள் விளக்கத்தைக் கேட்காமலே பொசிட்டிவ் என்று பதிய மீளாய்வாளருக்கு அதிகாரம் உண்டு. பேசும்போது கதை அளக்காதீர்கள். மருந்தின் பெயர், எழுதிய வைத்தியர், மருந்தகம், கடைசியாக எடுத்த நாள், இவ்வளவும் போதும். அவர் மருந்தகத்தை அழைத்து உறுதிசெய்து நெகட்டிவ் ஆக்குவார். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் துணைக்கு ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பேசலாம், ஆனால் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்த மருந்து ஓட்டத்துக்கு ஆபத்தானது என்று மீளாய்வாளர் கருதினால், உங்கள் வைத்தியர் தம்மை அழைத்து விளக்கமளிக்க ஐந்து வேலைநாட்கள் தருவார், அழைப்பு வராவிட்டால் தம் கவலையை நிறுவனத்துக்குத் தெரிவிப்பார். ஆகவே மீளாய்வாளரோடு பேசிய கையோடு உங்கள் வைத்தியருக்கும் அழைப்பெடுங்கள். என் பல் வைத்தியர் விடுமுறையில் போயிருந்தார். பதினொரு நாட்களில் பாதி அப்படித்தான் போனது.

முடிவு பொசிட்டிவ் என்று மீளாய்வாளர் அறிவித்தால், அறிவித்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் 15 மில்லிலீற்றர் போத்தலை வேறொரு ஆய்வுகூடத்தில் சோதிக்கும்படி கேட்கலாம். பணம் முதலில் கட்டினால்தான் அனுப்புவோம் என்று சொல்ல முடியாது. பின்னர் உங்களிடம் அறவிட முயலலாம்.

7. செலவும் நாட்களும்

வேலைக்கு முந்திய பரிசோதனையின் செலவை யார் ஏற்பது என்று விதி சொல்வதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் தாங்களே கட்டுகின்றன. சில, முதற் சம்பளத்தில் கழித்துவிடுகின்றன, சேரும் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் தென்படாத மாதிரியின் முடிவு ஓரிரு வேலைநாட்களில் வந்துவிடும். கனடாவில் எடுத்த மாதிரி அமெரிக்க ஆய்வுகூடத்துக்குப் போவதாக இருந்தால், நீண்ட வார இறுதிக்கு முந்திய வெள்ளியன்று போய் மாதிரி கொடுக்காதீர்கள்.

8. சேர்ந்த பின்

நிறுவனம் ஆண்டொன்றுக்குத் தன் சாரதிகளின் எண்ணிக்கையில் குறைந்தது 50 வீத அளவுக்குப் போதைப்பொருள் பரிசோதனையும், 10 வீத அளவுக்கு மதுப் பரிசோதனையும் எழுமாற்றாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் எல்லோர் பெயரும் மறுபடி குலுக்கலில் சேரும், ஆகவே போன மாதம் போனேன், இந்த ஆண்டு இனி இல்லை என்று எண்ண வேண்டாம். தகவல் வந்ததும் நேரே போக வேண்டும். “சுமையை இறக்கிவிட்டு, குளித்துவிட்டு” என்று இழுத்தால் மறுப்பு என்று பதியலாம்.

உயிரிழப்பு நேர்ந்த விபத்து, அல்லது உங்கள் மீது குற்றச்சீட்டு எழுதப்பட்டு, காயமடைந்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன அல்லது வாகனத்தை இழுத்துச் செல்ல நேர்ந்த விபத்து என்றால் மதுவுக்கு 8 மணித்தியாலத்துக்குள்ளும் போதைப்பொருளுக்கு 32 மணித்தியாலத்துக்குள்ளும் சோதிக்க வேண்டும். அந்த எட்டு மணித்தியாலமும், அல்லது சோதனை முடியும்வரை, மதுவைத் தொடக்கூடாது. நடுக்கம் தீர ஒரு மிடறு என்பதும் மீறல்தான். நடு இரவில் இண்டியானாவில் யாரை அழைப்பது என்ற தாளை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள்.

9. சொந்த ட்ரக் வைத்திருப்பவர்கள்

உங்கள் சொந்த இயக்க அனுமதியில் ஓடினால் நீங்களே நிறுவனம், நீங்களே சாரதி. உங்களை நீங்களே எழுமாற்றாகத் தெரிவுசெய்ய முடியாது என்பதால், பல சாரதிகளைச் சேர்த்துக் குலுக்கும் ஒரு பரிசோதனைக் கூட்டமைப்பில் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, கிளியரிங்ஹவுஸில் அதை உங்கள் முகவராகக் குறிக்க வேண்டும். சேர்ந்ததற்கான சான்றிதழைக் கோப்பில் வையுங்கள், தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

10. மீறல் பதிவாகிவிட்டால்

அந்த நிமிடமே ஓட்டத்திலிருந்து இறக்கப்படுவீர்கள், கிளியரிங்ஹவுஸில் ‘தடை’ என்று விழும். வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அது கூடவே வரும். தகுதிபெற்ற போதைப்பொருள் பாவனை நிபுணர்களின் பட்டியலை நிறுவனம் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும், வேலை கொடுக்காமல் அனுப்பினாலும் தர வேண்டும். நிபுணரின் கட்டணமும் அவர் சொல்லும் வகுப்பு, சிகிச்சைச் செலவும் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்துதான் போகும், முழுத் தொகையை முதல் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வேறு நிபுணரிடம் போய் இலகுவான தீர்ப்பு வாங்க முடியாது.

அந்த நிபுணர் இரண்டாம் முறை சந்தித்துத் திருப்தி தெரிவித்த பின், மீள்சேர்க்கைப் பரிசோதனை நடக்கும். அதில் மாதிரியை ஒருவர் நேரில் பார்க்கவே கொடுக்க வேண்டும். பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான்: அந்தப் பரிசோதனைக்கு உங்களை நீங்களே அனுப்ப முடியாது, உங்களை எடுக்கச் சம்மதிக்கும் ஒரு நிறுவனம்தான் அனுப்ப வேண்டும். ஆகவே வகுப்பு முடியும்வரை காத்திராமல், தொடங்கிய நாளிலிருந்தே நிறுவனங்களோடு வெளிப்படையாகப் பேசி வையுங்கள். சேர்ந்த பின் முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 தொடர் பரிசோதனைகள், நிபுணர் விரும்பினால் 5 ஆண்டுகள் வரை மேலும் பல, எல்லாம் நேரில் பார்க்கும் முறையில். இடையில் வேலை மாறினால் எஞ்சிய பரிசோதனைகள் புதிய நிறுவனத்தின் கணக்கில் தொடரும்.